கடைசி ரீல் வரை யார்? 1950களின் விண்வெளிப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒருமுறை நண்பர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பழைய படம் போடுகிறோம். போன வருடம் முழுக்க 1950களின் அறிவியல் புனைகதைப் படங்கள்தான். பறக்கும் தட்டு, ராட்சத எறும்பு, ராக்கெட்டுக்குள் மவுத் ஆர்கன் வாசிக்கும் ஆள், இந்த மாதிரி. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா உண்டு. படம் ஆரம்பித்ததும் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி, திரையில் வருகிறவர்களை எழுதிக்கொண்டே வருவார். யாராவது செத்தால் ஒரு கோடு. படம் முடிந்ததும் தாளைக் காட்டுவார். வெள்ளைக்காரர் அல்லாத பெயர் இரண்டு வந்திருந்தால், அவற்றின்மேல் பெரும்பாலும் கோடு விழுந்திருக்கும். டீ குடிக்கும்போது வரும் கேள்விகளெல்லாம் அந்தத் தாளிலிருந்து கிளம்பியவை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் படங்களைப் பற்றி இந்தப் பேச்சு?

பெரும்பாலும் 1950 முதல் 1960 வரை வந்தவை. 1950 மே மாதம் 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்', அடுத்த மாதமே 'டெஸ்டினேஷன் மூன்'. அங்கிருந்து வரிசையாக வர ஆரம்பித்தன. முக்கால்வாசி அமெரிக்கப் படங்கள், அப்புறம் ஜப்பான், கிழக்கு ஜெர்மனி. அணுகுண்டு பயமும் விண்வெளி ஆசையும் கலந்த காலம் அது.

அந்தப் படங்களில் கறுப்பினத்தவரே இல்லையா?

ஏறக்குறைய இல்லை. கூட்டக் காட்சிகளில் ஒரு முகம் தெரிந்து மறையும், அவ்வளவுதான். 1951இல் வந்த 'வென் வேர்ல்ட்ஸ் கொலைட்' படத்தில் பூமி அழியப் போகிறது. ஒரு ராக்கெட் கட்டி, சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்து, மனித குலத்தின் விதையை வேறு கிரகத்துக்கு அனுப்புகிறார்கள். ஏறுகிற அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். இதைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது ஒரு விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. 1956இன் 'ஃபர்பிட்டன் பிளானெட்' 23ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. கப்பல் 'ஐக்கிய கிரகங்கள்' அமைப்புக்குச் சொந்தமானது. கிரகங்கள் ஐக்கியமாகிவிட்டன, கப்பலிலிருந்து இறங்குவதோ வெள்ளை இளைஞர்கள் மட்டும். மீதிக்கு ஒரு ரோபோ. அந்த ரோபோவுக்குக் கிடைத்த வசனத்தில் பாதி அன்றைய கறுப்பின நடிகர் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் பெரிய விஷயம்.

முதல் விதிவிலக்கு எது?

ஆர்ச் ஓபோலர் எடுத்த 'ஃபைவ்', 1951. அணுப்போருக்குப் பிறகு உலகத்தில் மிச்சம் ஐந்தே பேர். பிழைத்த கதை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று: ஒருத்தி எக்ஸ்ரே அறையில் இருந்தாள், ஒருவன் லிஃப்டில் மாட்டியிருந்தான், ஒருவன் எவரெஸ்ட்டில். சார்லஸ் என்ற கறுப்பர் வங்கியின் பணப்பெட்டக அறைக்குள் பூட்டப்பட்டிருந்தார். வேடத்தில் சார்லஸ் லாம்ப்கின். ஓபோலரின் சொந்த வீட்டிலேயே, ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த இடத்தில், எடுத்த சின்ன பட்ஜெட் படம்.

சார்லஸ் நல்லவர், நிலத்தை உழுகிறார், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் 'படைப்பு' கவிதையை அருமையாகச் சொல்கிறார். ஆனால் எவரெஸ்ட்டிலிருந்து வந்த எரிக் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க மாட்டேன் என்கிறான், கடைசியில் கத்தியால் குத்திக் கொல்கிறான். முடிவில் நிலத்தைக் கொத்தப் போவது ஒரு வெள்ளை ஆணும் ஒரு வெள்ளைப் பெண்ணும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. எரிக் ஐரோப்பிய உச்சரிப்பில் பேசுகிறவன். அமெரிக்காவின் நிறவெறியைப் பேச வெளிநாட்டு நாக்கு ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த ஜேம்ஸ் ஆண்டர்சன் பதினொரு வருடம் கழித்து 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் பாப் யூவெல் என்ற நிறவெறியனாக வந்தார். அப்போது உச்சரிப்பு அசல் அமெரிக்கத் தென்மாநிலம்.

ஹாரி பெலஃபாண்டே நடித்த படம் என்று ஒன்று சொல்வார்களே?

'தி வேர்ல்ட், தி ஃப்ளெஷ் அண்ட் தி டெவில்', 1959. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள். பெலஃபாண்டே அப்போது பாடகராக உச்சத்தில் இருந்தார். தன் சொந்த நிறுவனம் ஹார்பெல் மூலம் எம்ஜிஎம்மோடு சேர்ந்து இதைத் தயாரித்தார். இயக்கம் ரானல்ட் மெக்டூகல்.

ரால்ஃப் பர்ட்டன் ஒரு சுரங்க ஆய்வாளர். பென்சில்வேனியாவில் சுரங்கம் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறார். தோண்டி எடுக்க வருகிறவர்களின் சத்தம் ஒருநாள் நின்றுபோகிறது. தானே வழி தேடி மேலே வந்தால், கதிரியக்கத் தூசியில் உலகமே காலி. நியூயார்க் போய்ச் சேருகிறார். ஒரு மனிதர்கூட இல்லாத மன்ஹாட்டன் தெருக்களில் அவர் தனியே நடக்கும் காட்சிகள் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைக்கும்.

தனிமை தாங்காமல் கடைப் பொம்மைகள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பேச்சுத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். ஆண் பொம்மைக்கு ஸ்நாட்கிராஸ் என்று பெயர். வெள்ளைக்காரப் பொம்மை, மாறாத புன்னகை. ஒருநாள் அந்தப் புன்னகையைப் பொறுக்க முடியாமல் அதைத் தூக்கி மாடியிலிருந்து வீசிவிடுகிறார். கீழே ஓர் அலறல். விழுந்தது ரால்ஃப்தான் என்று நினைத்து, இதுவரை ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த சாரா (இங்கர் ஸ்டீவன்ஸ்) கத்திவிடுகிறாள். அவர்கள் சந்திப்பது இப்படித்தான்.

பிறகு உலகத்தில் அவர்கள் இருவர் மட்டும். ஆனாலும் ரால்ஃப் வேறு கட்டடத்தில்தான் குடியிருக்கிறார். ஊர் என்ன பேசும் என்று கேலியாகச் சொல்கிறார். பேச ஊரே இல்லை. சாரா ஒருநாள் கோபத்தில், 'நான் சுதந்திரமானவள், வெள்ளைக்காரி, இருபத்தொரு வயது, இஷ்டப்படி இருப்பேன்' என்று சொல்லிவிடுகிறாள். அந்தக் காலத்து அமெரிக்காவில் சாதாரணமாகப் புழங்கிய சொலவடை அது. அவள் யோசித்துச் சொல்லவில்லை. ரால்ஃபின் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம் முடிவெட்டும் காட்சி. தன் தலைமுடியை வெட்டிவிடச் சொல்கிறாள். கத்தரியைப் பிடித்த கை தடுமாறுகிறது. ஒரு வெள்ளைப் பெண்ணின் தலைமுடியைக் கறுப்பர் ஒருவர் தொடுவது அன்றைய திரையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் கையே சொல்லிவிடுகிறது. முடி கோணல்மாணலாக வருகிறது. அதையொட்டி வரும் பேச்சில், சொல்லுக்குக் கூசுகிறவர் தன்னை எப்படி அழைப்பார், மரியாதை தெரிந்த தென்மாநிலத்தவர் எப்படி, மரியாதை இல்லாதவர் எப்படி என்று ரால்ஃப் வரிசையாக ஒப்பிக்கிறார்.

அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு ஹோட்டலை அலங்கரித்து, பாட்டுப் பாடி, பரிமாறுகிறார். உட்காருங்கள் என்கிறாள். வாடிக்கையாளர்களோடு உட்கார மிஸ்டர் பர்ட்டனுக்கு அனுமதி இல்லை என்கிறார். சட்டம் போட்டவன், போலீஸ், ஹோட்டல் முதலாளி எல்லாரும் செத்தாயிற்று. விதி மட்டும் உயிரோடு இருக்கிறது. இந்த ஒரு காட்சிக்கு ஈடாக அந்தப் பத்தாண்டில் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

அதன் முடிவு சொதப்பல் என்கிறார்களே?

ஆமாம், சொதப்பல்தான். மூன்றாவதாக பென் என்ற வெள்ளைக்காரர் (மெல் ஃபெரர்) வந்ததும் கதை முக்கோணக் காதலாகிவிடுகிறது. இருவரும் துப்பாக்கியோடு ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். ஐ.நா. கட்டடத்தின் எதிரே உள்ள சுவரில், வாள்களை ஏர்க்கொழுவாக அடிப்பார்கள் என்ற ஏசாயாவின் வாசகத்தைப் படித்துவிட்டு ரால்ஃப் துப்பாக்கியைக் கீழே போடுகிறார். கடைசியில் மூவரும் கைகோத்து நடக்கிறார்கள். திரையில் 'முடிவு' என்று வராமல் 'தொடக்கம்' என்று வருகிறது.

படம் முழுக்க ரால்ஃபும் சாராவும் ஒருமுறைகூட முத்தமிடுவதில்லை. மூவர் கைகோத்து நடப்பதை நம்பச் சொல்கிறவர்களுக்கு இருவர் முத்தத்தைக் காட்டத் துணிவில்லை. எங்கள் அக்காவின் தாளில் ஒரு கோடும் விழாத படம் இது. ஆனால் அவர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்திருந்தார்.

முத்தத்துக்குச் சட்டத் தடை இருந்ததா?

திரைக்கு ஹாலிவுட்டே தனக்குப் போட்டுக்கொண்ட தயாரிப்பு விதிமுறை இருந்தது. 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைக் காட்டக்கூடாது என்று அதில் வெளிப்படையாகவே ஒரு வரி. 1956 திருத்தத்தில் அந்த வரி போய்விட்டது. ஆகவே 1959இல் பெலஃபாண்டேயைத் தடுத்தது விதிமுறை அல்ல, வசூல் பயம். தென்மாநிலத் தியேட்டர்கள் படத்தை எடுக்காவிட்டால்? கலப்புத் திருமணத்தைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 1967இல்தான்.

தணிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெம்ஃபிஸ் நகரம் நல்ல உதாரணம். அங்கே லாயிட் பின்ஃபோர்ட் என்பவர் 1928 முதல் 1955 வரை தணிக்கைக் குழுத் தலைவர். 1947இல் 'கர்லி' என்ற குழந்தைகள் படத்தை அவர் தடை செய்தார். காரணம்: கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கறுப்பு விஞ்ஞானியை ராக்கெட்டில் ஏற்ற நினைக்கும் தயாரிப்பாளர் மனதில் இப்படிப்பட்ட பத்து ஊர்கள் வந்து போயிருக்கும்.

சரி, அந்தக் காலமே அப்படித்தானே? இன்றைய அளவுகோலை வைத்து அளக்கலாமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு மாதமும் வரும். என் பதில்: அந்தக் காலத்தை அந்தக் காலத்து அளவுகோலை வைத்தே அளப்போம். 1940இலேயே 'சன் ஆஃப் இங்காகி' என்று ஒரு படம் வந்தது. கறுப்பினப் பார்வையாளர்களுக்காக, முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்தது. திரைக்கதை ஸ்பென்சர் வில்லியம்ஸ். அதில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் விஞ்ஞானி டாக்டர் ஹெலன் ஜாக்சன் ஒரு கறுப்பினப் பெண். நடித்தவர் லாரா பௌமன். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதக் குரங்கை நிலவறையில் பூட்டி வைத்திருக்கிறார், அது அவர் கலந்து வைத்த மருந்தைக் குடித்துவிட்டு அவரையே கொன்றுவிடுகிறது. படமாகப் பார்த்தால் சுமார்தான், கதையில் ஆப்பிரிக்காவும் அதே பழைய மர்மக் காடுதான். ஆனாலும் கறுப்பினப் பெண் விஞ்ஞானி என்பது 1940இல் நினைத்துப் பார்க்க முடியாத விஷயமல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சி காமிக்ஸ் உலகத்திலிருந்து. 1953இல் அமெரிக்காவின் ஈ.சி. (EC) காமிக்ஸ் நிறுவனம் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற கதையை வெளியிட்டது. ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கிரகத்தைப் பார்வையிட பூமியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், இன்னும் நீங்கள் தயாரில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றினால் அவர் கறுப்பர். 1956இல் மறுபதிப்பின்போது, அந்த முகத்தை மாற்றச் சொல்லிக் காமிக்ஸ் தணிக்கையாளர் அடம்பிடித்தார். பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் மறுத்து அப்படியே வெளியிட்டார். ஆக, அந்தக் காலத்திலேயே யோசித்தவர்களும் இருந்தார்கள், தடுத்தவர்களும் இருந்தார்கள்.

வேற்றுக்கிரகவாசியே ஒடுக்கப்பட்டவரின் உருவகம்தானே? அது போதாதா?

அப்படிப் படிக்கலாம், பலரும் படிக்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) படத்தில் வேற்றுக்கிரகத்துத் தூதர் கிளாட்டு ராணுவ மருத்துவமனையிலிருந்து தப்பி, கார்பென்டர் என்ற பெயரில் வாஷிங்டன் நகரத்து விடுதி வீடு ஒன்றில் அறை கேட்கிறார். உடனே கிடைக்கிறது. அந்த வீட்டுப் பையனோடு ஊர் சுற்றுகிறார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஏனென்றால் நடித்தவர் மைக்கேல் ரென்னி, உயரமான, வெள்ளைக்கார, ஆங்கில உச்சரிப்புக் கனவான்.

அதே 1951இல் அதே வாஷிங்டனில் ஒரு கறுப்பர் நகர மையத்து ஓட்டல்களில் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. அதை உச்ச நீதிமன்றம் 1953இல்தான் முடிவுக்குக் கொண்டுவந்தது. கோடானுகோடி மைல் தாண்டி வந்தவருக்குக் கிடைத்த அறை, அந்த ஊரிலேயே பிறந்தவருக்குக் கிடைத்திருக்காது. உருவகம் என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெண் விஞ்ஞானிகள் நிறைய வருகிறார்களே, அது முன்னேற்றம் இல்லையா?

வருகிறார்கள், எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே வருகிறார்கள். 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' படத்தில் டாக்டர் லிசா வான் ஹார்ன் எரிபொருளை உருவாக்கிய வேதியியலாளர். 'திஸ் ஐலண்ட் எர்த்', 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ' இரண்டிலும் ஃபெய்த் டொமெர்க் விஞ்ஞானி. 'டரான்டுலா'வில் மாரா கார்டே ஆராய்ச்சி மாணவி. கேள்வி வேறு: அவர்கள் போடும் கணக்கை யாராவது கேட்கிறார்களா?

லிசாவின் கதையைப் பாருங்கள். நடுவழியில் எஞ்சின் நின்றுபோக, எரிபொருள் கலவையை மறுபடி கணக்கிட வேண்டும். லிசாவும் தலைவர் எக்ஸ்ட்ராமும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள், விடை ஒத்துவரவில்லை. தலைவர் தன் விடையே சரி என்று முடிவு செய்கிறார். லிசா வாதாடிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்கிறார். எதற்கு, ஒரு கணம் பெண்ணாகிவிட்டதற்கா என்று பெரிய மனதோடு தேற்றுகிறார் அவர். சரி, அவருடைய விடைப்படி கலந்த எரிபொருளில் ராக்கெட் தறிகெட்டு ஓடுகிறது. நிலவுக்குப் போக வேண்டியவர்கள் செவ்வாயில் போய் நிற்கிறார்கள். பெண்கள் சமைக்கவும் தைக்கவும் பிள்ளை பெறவும் மட்டும்தானா என்று லிசா கேட்க, அது போதாதா என்று விமானியாக வரும் லாயிட் பிரிட்ஜஸ் திருப்பிக் கேட்பதும் இதே படத்தில்தான். எடுத்தவர்கள் இதையெல்லாம் கிண்டலாக வைத்தார்களா, மனதாரவே வைத்தார்களா என்று எங்கள் மாடியில் அரைமணி நேரம் சண்டை. எனக்கு மனதாரத்தான் என்று படுகிறது. ஆனால் கதை அவர்களை மீறி லிசா பக்கம் போய் நின்றுகொண்டது.

'தெம்!' (1954) இதில் ஒரு படி மேல். ராட்சத எறும்பு விவகாரத்துக்கு வரும் டாக்டர் பாட்ரிசியா மெட்ஃபோர்டை முதலில் காட்டுவது விமான ஏணியில் பாவாடை சிக்கி நிற்கும் கால்களைத்தான். கீழே நிற்கும் ஆண்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். டாக்டர் என்று அழைக்கச் சங்கடமாக இருந்தால் பாட் என்று கூப்பிடுங்கள் என்கிறார் அவர். எறும்புப் புற்றுக்குள் இறங்கும்போது, இது பெண்கள் போகிற இடம் இல்லை என்று எஃப்.பி.ஐ. அதிகாரி தடுக்கிறார். உள்ளே என்ன பார்க்கிறோம் என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டாமா என்று கேட்டுவிட்டு அவர் இறங்குகிறார். ராணி எறும்புகள் பொரித்துப் பறந்துவிட்டன என்று கண்டுபிடிப்பது அவர்தான். எல்லாவற்றையும் எரியுங்கள் என்று உத்தரவு போடுவதும் அவர்தான். துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் எரிக்கிறார்கள். இரண்டாம் பாதியில் அவரை ஓரங்கட்டிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

பெண் தலைவி, பெண் ஜனாதிபதி வந்த படம்கூட உண்டாமே?

'ப்ராஜெக்ட் மூன்பேஸ்', 1953. கதை நடப்பது 1970இல். நிலவைச் சுற்றப் போகும் கப்பலின் தலைவி கர்னல் பிரைட்டீஸ் ஒரு பெண். திரைக்கதையில் ராபர்ட் ஹைன்லைனுக்குப் பங்கு உண்டு. அமெரிக்க ஜனாதிபதியும் பெண் என்பது கடைசியில் தெரிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் அந்தக் கர்னல் முகம் சுளித்தால் மேலதிகாரி, மடியில் போட்டுப் பின்புறத்தில் அடிப்பேன் என்று மிரட்டுகிறார். நிலவில் இறங்க நேர்ந்ததும், ஓர் ஆணும் பெண்ணும் தனியே இருந்தால் நாடு என்ன பேசும் என்று இருவருக்கும் தொலைக்காட்சி வழியே கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள். ஜனாதிபதி அம்மாள் திரையில் வந்து வாழ்த்துகிறார். கல்யாணத்தோடு மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு, பெண்ணைவிட ஒரு படி மேலே. இதில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்ட சம்பளப் பட்டியல்களை நேரில் பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருவர் உண்டு.

ஆசியர்கள்?

ஜார்ஜ் பால் தயாரித்த 'காங்க்வெஸ்ட் ஆஃப் ஸ்பேஸ்' (1955) படத்தில் செவ்வாய்க்குப் போகும் குழுவில் இமோட்டோ என்ற ஜப்பானியர் உண்டு. போர் முடிந்து பத்து வருடம்தான். அவர் ஒரு நீண்ட பேச்சுப் பேசுகிறார்: எங்கள் நாட்டில் வளம் இல்லை, அதனால் காகித வீடு, உலோகம் இல்லாததால் குச்சியால் சாப்பாடு, இல்லாமைதான் எங்களைப் போருக்குத் தள்ளியது, செவ்வாயில் வளம் கிடைத்தால் மறுபடி அது நடக்காது. நேற்றைய எதிரியைக் கப்பலில் ஏற்றிய தைரியம் பாராட்டத்தக்கது. ஆனால் குச்சியால் சாப்பிடுவது வறுமை என்று ஜப்பானியர் வாயாலேயே சொல்ல வைத்ததை என்ன சொல்ல? நடித்த பென்சன் ஃபாங் சீன வம்சாவளி அமெரிக்கர்.

'தி 27த் டே' (1957) இன்னும் மோசம். வேற்றுக்கிரகவாசி ஐந்து நாட்டைச் சேர்ந்த ஐந்து பேரிடம் உலகை அழிக்கும் ஆயுதத்தைக் கொடுக்கிறான். ஐவரில் ஒருத்தி சீனக் கிராமத்துப் பெண். திரும்பி வந்ததும் தற்கொலை செய்துகொள்கிறாள். அவ்வளவுதான் அவள் பங்கு. அக்கா அன்றைக்குப் பென்சிலை எடுப்பதற்குள் அந்தப் பெயருக்குக் கோடு போட வேண்டியதாகிவிட்டது.

காட்ஸில்லா ஜப்பானியப் படம்தானே? அதிலென்ன பிரச்சினை?

இஷிரோ ஹோண்டா 1954 நவம்பரில் எடுத்து வெளியிட்ட படத்தில் ஒன்றும் பிரச்சினை இல்லை. அது துக்கத்தின் படம். அந்த வருடம் மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் 'லக்கி டிராகன்' என்ற மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. படம் அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பித்து வந்தது இதற்குத்தானா என்று அலுத்துக்கொள்கிறாள்.

1956இல் அமெரிக்காவில் வெளியானது வேறு படம். ரேமண்ட் பர்ரை ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்க நிருபராக்கி, தனியாகச் சில நாள் படம் பிடித்து உள்ளே ஒட்டினார்கள். ஜப்பானிய நடிகர்களோடு அவர் பேசுவது போலக் காட்ட, பின்னந்தலை மட்டும் தெரிகிற மாதிரி ஆட்களை நிறுத்தினார்கள். நாகசாகி வசனம் போயிற்று. ஆங்கிலக் குரல்களில் பலவற்றைக் கொடுத்தவர்கள் ஜேம்ஸ் ஹாங், சாமி டோங் என்ற இரண்டு சீன வம்சாவளி அமெரிக்கர்கள். டோக்கியோ எரிகிறது, அதை ஓர் அமெரிக்கர் ஜன்னல் வழியாகப் பார்த்து நமக்குச் சொல்கிறார். ஒரு நாட்டின் படத்திலேயே அந்த நாட்டவரைத் துணைப் பாத்திரங்களாக்கிய வித்தை அது. மூலப் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் முறையாக வெளியாக 2004 ஆயிற்று.

கேமராவுக்குப் பின்னால் யாராவது?

மிலிசென்ட் பாட்ரிக். 'க்ரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' (1954) படத்தின் செவுள் மனிதனை வடிவமைத்தவர். அதற்கு முன் டிஸ்னியில் வரைகலைஞர். படம் வந்தபோது யூனிவர்சல் அவரை விளம்பரச் சுற்றுப்பயணம் அனுப்பியது. பெருமை அவருக்குப் போவதை ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோரால் பொறுக்க முடியவில்லை. திரும்பி வந்தவருக்கு அங்கே வேலை இல்லை. படத்தில் ஒப்பனை என்ற இடத்தில் வெஸ்ட்மோர் பெயர்தான். அந்த முகமூடி இன்றுவரை பொம்மையாக, சட்டைப் படமாக விற்கிறது.

படத்துக்குள்ளே முதலில் சாகிறவர்கள், முகாமில் காவலிருக்கும் உள்ளூர்க்காரர்கள் இருவர். சொல்லத் தேவையில்லை.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம், அதாவது சோவியத் அணி நாடுகளில், நிலைமை வேறா?

வேறுதான், ஓரளவுக்கு. கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் சேர்ந்து எடுத்த 'மௌன நட்சத்திரம்' 1960 பிப்ரவரியில் வந்தது. ஸ்டனிஸ்வாஃப் லெம் நாவலைத் தழுவியது, இயக்கம் குர்ட் மெட்சிக். வெள்ளிக் கிரகத்துக்குப் போகும் கப்பலில் சோவியத், போலந்து, ஜெர்மன், அமெரிக்க விஞ்ஞானிகளோடு சீனர் சென் யூ, ஆப்பிரிக்கர் தலுவா, ஜப்பானிய மருத்துவர் சுமிகோ, இந்தியக் கணிதவியலாளர் சிகர்ணா. தலுவாவாக ஜூலியஸ் ஓங்கேவே. திரையின் ஆரம்ப காலக் கறுப்பு விண்வெளி வீரர்களில் ஒருவர். சுமிகோவின் கதையில் ஹிரோஷிமா வருகிறது. அமெரிக்கப் பதிப்பு 1962இல் வந்தபோது அதை வெட்டிவிட்டார்கள்.

நம்மவர் சிகர்ணா வந்ததும் மாடியில் கைதட்டல். உற்றுப் பார்த்தால் ஜெர்மன் நடிகர் குர்ட் ராக்கெல்மன். கைதட்டல் அப்படியே அடங்கிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று பேர் திரும்புவதில்லை: ஜெர்மன் விமானி, சென் யூ, தலுவா. கப்பல் கிளம்பிவிட, வெள்ளியின் தரையில் தலுவா தனியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சோசலிசக் கப்பலானாலும் தாளில் கோடு விழுகிற இடம் மாறவில்லை. ஆனால் நடுவில் ஒன்றரை மணி நேரம் எல்லாருக்கும் வேலை இருக்கிறது, மரியாதை இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் சேலத்தில். 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்', 'ப்ராஜெக்ட் மூன்பேஸ்' இரண்டையும் வெளியிட்ட அதே லிப்பர்ட் பிக்சர்ஸ், டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸோடு சேர்ந்து 1952இல் 'தி ஜங்கிள்' எடுத்தது. தமிழில் 'காடு'. இயக்கம் வில்லியம் பெர்க். யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிப் போனால் காட்டுக்குள் மாமூத்கள், அதாவது ரோமம் போர்த்திய யானைகள்.

படம் இந்தியாவில், யானை இந்தியாவுடையது, நம்பியார்கூட உண்டு. ஆனால் இளவரசி யார்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்த மேரி விண்ட்சர். ராமா சிங்? கியூபா வம்சாவளி சீசர் ரொமேரோ. சொந்தக் காட்டிலேயே இளவரசியும் ராமா சிங்கும் வெளியூர்.

பதினொரு வருடம் கழித்து 1963இல் 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி, இயக்கம் காசிலிங்கம். அதில் வேற்றுக்கிரகத்தவன் பூமிக்கு வருவது பாட்டுத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடி, தன் கிரகத்துக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்க. அந்த வேற்றுக்கிரகத்தவன் நம்பியார். லிப்பர்ட் படத்தில் ஓரமாக நின்றவர் இங்கே பறக்கும் தட்டோடு வந்து இறங்கினார்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

1954 காட்ஸில்லாவின் ஜப்பானிய மூலம், அப்புறம் 'தெம்!', அப்புறம் பெலஃபாண்டே. பிடித்துப்போனால் 'மௌன நட்சத்திரம்', முழு நீளப் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். 'ப்ராஜெக்ட் மூன்பேஸ்' ஒரு மணி நேரம்தான், கூட்டமாகப் பார்த்தால் மட்டும் தாங்கும். அடுத்த மாதம் மாடியில் 'சன் ஆஃப் இங்காகி' போடுகிறோம். அக்காவின் புதுக் காலண்டர் தாளில் முதல் பெயராக டாக்டர் ஹெலன் ஜாக்சன் இப்போதே ஏறிவிட்டது. கோடு போடப் பென்சில் சீவ வேண்டும் என்றார்.